நாற்பத்தேழாம் கட்டம்

கோடு நகர்த்துவது என் வேலை.
கல்வி மாவட்ட அலுவலகம், மூன்றாம் தளம்,
சன்னல் இல்லாத அறை, இரண்டு திரைகள்.
சுட்டியை ஒரு விரற்கடை வலப்பக்கம் இழுத்தால்
இருநூற்றுப் பதினொரு பிள்ளைகள்
வேறொரு மஞ்சள் பேருந்தில் ஏறுவார்கள்.

திரையில் அவர்கள் புள்ளிகள்.
பெயர் கிடையாது, நிறம் உண்டு:
இலவச மதிய உணவு வாங்கினால் ஆரஞ்சு,
வாங்காவிட்டால் சாம்பல்.
ரயில் பாதைக்குத் தெற்கே ஆரஞ்சு நெருக்கியடித்துக் கிடக்கும்.
வடக்கே சாம்பல், ஆளுக்கொரு புல்வெளியோடு.
அந்தப் பாதையில் ரயில் ஓடி முப்பது வருடமாகிறது.
தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்து விற்றாயிற்று.

டிசம்பரில் நாற்பத்தேழாம் கட்டத்தை
வடக்கிலிருந்து தெற்குக்கு மாற்றிப் பார்த்தேன்.
நூற்று முப்பது வீடு. அவ்வளவுதான்.
வடக்கே ஹாவர்டேல் பள்ளியில் நடைகூடத்தில் பாடம் நடக்கிறது,
தெற்கே லின்டன் பள்ளியில் ஆறு வகுப்பறை
பூட்டிக் கிடக்கின்றன.
கூட்டத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள்,
எல்லோரும் ஒரே பச்சைச் சட்டையில்.

ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
நடக்கும் தூரம் என்றார்கள். தொடர்ச்சி என்றார்கள்.
வீட்டு விலை என்றார் ஒருவர், உடனே
மைக்கைக் கையால் பொத்தி மன்னிப்புக் கேட்டார்.
பல் மருத்துவர் கெல்வின் ஆஷ்பர்ன்
தன் மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றார்,
தெற்கே மட்டும்தான் கோதுமை விளைகிறது போல.
"எங்களுக்குப் பலதரப்பட்டவர்களும் வேண்டும்" என்று
தொடங்கிய வாக்கியங்களை எண்ணினேன். பதினான்கு.
பதினான்கிலும் அடுத்த சொல் "ஆனால்".

கடைசியாக எழுந்தவள் ஃப்ரெவெய்னி.
மருத்துவமனைச் சீருடை, இரவுப் பணிக்குப் போகிற அவசரம்.
தெற்குக்காரி. புதுக் கோட்டை வாழ்த்துவாள் என்று
காத்திருந்தோம், நானும்தான்.
"உங்கள் பிள்ளைகள் வந்தால் வரட்டும்.
எங்கள் பள்ளியைச் சீக்காளி வீடு மாதிரிப் பேசாதீர்கள்.
என் மகன் அங்கே டிரம்பெட் ஊதுகிறான்.
மூன்று வருடமாக
பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்கவில்லை."
யாரோ சிரித்தார்கள். பிறகு
சிரிக்கலாமா என்று சுற்றிப் பார்த்தார்கள்.

நான் பின்வரிசையில். மடியில் மடிக்கணினி.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம்;
நான் கணினியைச் சொல்லவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் லீலண்டுக்கு ஆறு வயது.
எங்கள் வீடு தெற்கே.
அக்கா கோராவின் மின்கட்டண ரசீது வடக்கே.
அதைக் கொண்டுபோய் ஹாவர்டேலில் நீட்டினேன்.
எழுத்தர் ரசீதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
முத்திரை குத்தினாள்.
இலவச உணவுப் படிவம் நிரப்பினால் விசாரிப்பார்கள் என்று
ஐந்து வருடம் டப்பாவில் கட்டிக் கொடுத்தேன்.
எங்கே இருக்கிறாய் என்று ஆசிரியை கேட்டால்
பெரியம்மா தெருவைச் சொல்லப் பழக்கினேன்,
பல் துலக்கப் பழக்கியதுபோல.
நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடாதே என்றேன்.
பிறந்தநாளுக்குச் சின்ன கேக்கே மிஞ்சியது.

அப்போது நான் இந்த வேலையில் இல்லை.
இருந்தேன், வேறு மேசையில்.

கூட்டம் கலைந்தபின் மாடிக்குப் போய்
அந்த வருடக் கோப்பைத் திறந்தேன்.
கோராவின் கூரைமேல் ஒரு புள்ளி, சாம்பல்.
எங்கள் வீட்டின்மேல் ஒன்றுமில்லை,
பிள்ளையே பிறக்காத வீடு மாதிரி.

நாற்பத்தேழைத் தெற்கிலேயே விட்டுச் சேமித்தேன்.
செவ்வாயன்று வாக்கெடுப்பு. தோற்கும் என்கிறார்கள்.

வெளியே பனி. வாகன நிறுத்தத்தின்
வெள்ளைக் கோடுகள் மூடிக்கிடந்தன.
வந்தவர்கள் எல்லோரும் அளந்ததுபோல்
இடைவெளி விட்டே நிறுத்தியிருந்தார்கள்.
லீலண்ட் கூப்பிட்டான்.
"அம்மா, எங்கே இருக்கிறாய்?"
வழியில் என்றேன்.
சாவியை இன்னும் திருகவில்லை.